எலிமினேட்டருக்கு வந்த நோய்

பேட்டரி வாங்கிக் கட்டுப்படியாகாத குடும்பங்கள் ஒரு காலத்தில் ‘எலிமினேட்டர்’ என்னும் சிறு பெட்டியை வாங்கி வைத்தன. 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தை ரேடியோவும் டேப்ரிக்கார்டரும் ஏற்கும் அளவுக்குத் தாழ்த்தி, ஒரே திசையில் ஓடச் செய்வது அதன் பணி. ஏறத்தாழ நாற்பதாண்டுப் பழமையான 12 வோல்ட் பெட்டி ஒன்றை மாணவர் ஒருவர் நம்மிடம் கொணர்ந்தார்.

“பியூஸ் போயிருந்தது உஸ்தாத். கடையில் கம்பி சுற்றித் தந்தார்கள். இப்போது பாடுகிறது, ஆனால் உறுமுகிறது. தொட்டால் சுடுகிறது” என்றார்.

அரபு இலக்கணம் பயின்றோர் ‘இல்லத்’ என்னும் சொல்லை அறிவர். அலிஃப், வாவ், யே மூன்றையும் ‘இல்லத்’ எழுத்துக்கள் என்றே ஸர்ஃபு வகுப்பில் கற்பிக்கிறோம். அச்சொல்லுக்கு நோய் என்றும் பொருள். காரணம் என்றும் பொருள். பியூஸ் போனது நோயன்று. உள்ளே நோய் இருக்கிறதென்ற செய்தி. செய்தி சொன்ன வாயைக் கடைக்காரர் செம்புக் கம்பியால் கட்டிவிட்டார்! வீட்டார் உறங்கும் வேளையில் அப்பெட்டி தீப்பற்றியிருந்தால் தடுக்க ஏதுமில்லை.

மீட்டரை வைத்துப் பார்த்தால் சரியாக 12 வோல்ட். பலர் ஏமாறும் இடம் இதுவே. சுமை ஏற்றாமல் அளந்தால் நோயாளியும் நலமாகவே தோன்றுவான். டேப்ரிக்கார்டரை இணைத்ததும் முள் தாழ்ந்தது, உறுமலும் எழுந்தது.

உறுமலுக்குக் கணக்கு உண்டு. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று அலைவது. நான்கு டையோடுகளைக் கடந்ததும் அது நொடிக்கு 100 முறை எழுந்து தாழும் மேடுபள்ளமாகிறது. பள்ளங்களை நிரப்புவது மின்தேக்கி. கடைத்தெருவில் கண்டென்சர் என்பர். ஏரி மழைநீரைத் தேக்கிக் கோடைக்கு விடுவது போன்றதே அதன் வேலை. அதற்கடுத்துள்ள 7812 என்னும் ஐ.சி. 12 வோல்ட் தர, தனக்கு ஏறத்தாழ 14½ வோல்ட்டேனும் வேண்டும். மின்தேக்கி வலுவிழந்தால் பள்ளங்கள் அதற்கும் கீழே இறங்கும். அவ்விறக்கமே உறுமலாகக் காதில் விழுகிறது.

ஐயத்தைத் தீர்க்க, 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து மின்சாரம் கொடுத்தோம். பெட்டியில் சுமை ஏதும் இல்லாதபோதும் பல்பு பளிச்சென்று எரிந்தது. மின்தேக்கியைக் கழற்றிவிட்டுக் கொடுத்தபோது மங்கிற்று. தேக்க வேண்டியது கசிந்துகொண்டிருந்தது! பியூஸ் போனதும், பெட்டி சுட்டதும், உறுமியதும் அந்த ஒன்றாலேயே. அதனுள் இருக்கும் ஈரப்பசை காலப்போக்கில் உலரும். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலறிந்தோர் கணக்கு. இங்கோ அது டிரான்ஸ்பார்மரை ஒட்டியே அமர்ந்திருந்தது.

கழற்றுமுன் மாணவர் திருப்புளியால் அதன் இரு கால்களையும் சேர்த்துத் தொடப் போனார்; கையைப் பிடித்துக்கொண்டோம். இச்சிறு பெட்டியில் ஒரு பொறியோடு போகும். இக்காலத்து சார்ஜர்களிலும் கம்ப்யூட்டர் சப்ளைகளிலும் வீட்டு மின்சாரமே நேராக மின்தேக்கிக்குச் செல்வதால், செருகியைப் பிடுங்கிய பின்னும் 325 வோல்ட் வரை தங்கியிருக்கக் கூடும். அது ஆளையே வீழ்த்தும். ரெசிஸ்டர் ஒன்றின் வழியே மெல்ல வடித்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

2200 மைக்ரோஃபாரட் அளவில், பழையது 25 வோல்ட் தாங்குவது. 35 வோல்ட் தாங்குவதை, கூட்டல் கழித்தல் பார்த்துப் பொருத்தினோம். பல்பு மங்கலாகவே நின்றது. கம்பியை அகற்றி, பெட்டியில் குறித்திருந்த 250 மில்லி ஆம்பியர் கண்ணாடிப் பியூஸையே இட்டோம். ஒரு மணி நேரம் பாடிய பிறகும் இளஞ்சூடுதான். உதிரியாக இரண்டு பியூஸ்களையும் தாளில் மடித்து மாணவரிடம் கொடுத்தனுப்பினோம்.