வெல்டுக்குக் கிளிஃபோர்ட் என்ன முறை?

பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பொருள் சந்தை கூடும். பழைய நாணயம், சாமி படம், ஓடாத கடிகாரம் என்று கலந்துகட்டிக் கிடக்கும். அங்கேதான் அந்தச் சிவப்பு அட்டைப் புத்தகத்தைப் பார்த்தேன். ‘பர்க்ஸ் பியரேஜ்’. கனம் ஒரு அரிசி மூட்டையைத் தூக்குவதுபோல் இருந்தது. கடைக்காரர் நாற்பது வெள்ளி என்றார். முப்பதுக்குப் பேசி வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று வீட்டில் கேட்டபோது பதில் இல்லை. எந்த மலாயா தோட்டத்துத் துரையின் அலமாரியில் இருந்து இறங்கி வந்ததோ என்ற ஒரு குறுகுறுப்புதான்.

ஜான் பர்க் என்பவர் 1826இல் தொடங்கியது இந்தப் புத்தக வரிசை. பிரிட்டிஷ் பிரபுக்கள், பேரனட்டுகள் குடும்பங்கள் முழுவதும் இதில் உண்டு. யார் யாரைக் கட்டினார், எத்தனை பிள்ளை, யார் வாரிசில்லாமல் இறந்தார் என்று பொடி எழுத்தில் பக்கம் பக்கமாகப் போகும். முதலில் ஆண் பிள்ளைகள், அப்புறம் பெண் பிள்ளைகள். ஆண்கள் எத்தனை பேர் இருந்தாலும் பெண்களுக்கு முன்னால்தான்.

வாங்கிய அன்று இரவு அப்பாவிடம் காட்டினேன். அப்பாவுக்கு வயது 78. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கம் புரட்டினார். “நம்ம பேரு இருக்காமா?” என்றார். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “உங்க அத்தை பேர எங்கயாச்சும் எழுதி வச்சிருப்பாங்களான்னு பாக்குறேன்” என்றார்.

அத்தையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்தப் புத்தகத்தில் எனக்குத் தெரிந்த பெயர் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். கிளிஃபோர்ட் இருந்தது. சட்லி கிளிஃபோர்ட் பிரபுக்கள், 1672இல் உண்டாக்கிய பட்டம். கோலா லிப்பிஸிலும் கோலா கங்சாரிலும் கிளிஃபோர்ட் பள்ளி உண்டு. அந்த ஹியூ கிளிஃபோர்ட் இந்தக் குடும்பத்துப் பிள்ளை. ஏழாவது பிரபுவின் மகன் வயிற்றுப் பேரன். 1883இல் பதினேழு வயதில் பேராக்கில் வந்து இறங்கியவர். அந்த வருடம் ஏப்ரலில்தான் அவருடைய அப்பா ஹென்றி கிளிஃபோர்ட் இறந்திருந்தார். கிரிமியப் போரில் விக்டோரியா சிலுவை வாங்கிய தளபதி. பையனும் ராணுவத்துக்குப் போகவேண்டியவன்தான். ஆனால் கப்பலேறி இங்கே வந்தான். ஏன்? ஏனென்றால் அப்போது இங்கே நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்தவர் ஃபிரடெரிக் வெல்ட். சொந்தக்காரர்.

வெல்ட் பெயர் கோலாலம்பூர்க்காரர்களுக்குப் புதிதில்லை. இன்றைய ஜாலான் ராஜா சூலான்தான் அன்றைய வெல்ட் ரோடு. ரோட்டின் பெயர் போனாலும் மெனாரா வெல்ட் கட்டடம் இன்னும் பெயரைச் சுமக்கிறது. பினாங்கில் வெல்ட் கீ. பேராக்கில் போர்ட் வெல்ட், இப்போது கோலா செப்பத்தாங். 1885இல் மலாயாவின் முதல் ரயில் தைப்பிங்கிலிருந்து போனது அந்த ஊருக்குத்தான். அதற்குத் தண்டவாளம் போட இலங்கையிலிருந்து பயனியர் படை ஆட்களைக் கொண்டுவந்தார்கள்.

சரி, வெல்டுக்குக் கிளிஃபோர்ட் என்ன சொந்தம்? ஆங்கிலப் புத்தகங்களில் ‘கஸின்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து, புத்தகத்தையும் வேறு சில வரலாறுகளையும் வைத்து ஒரு வரைபடம் போட்டேன்.

வெல்டின் அப்பா ஹம்ஃப்ரி வெல்ட். அம்மா கிறிஸ்டினா, ஆறாவது கிளிஃபோர்ட் பிரபுவின் மகள். ஹம்ஃப்ரியின் அண்ணன் தாமஸ் வெல்ட். இவர் கதை தனி. மனைவி இறந்தபின் பாதிரியாராகி, 1830இல் கார்டினலாகவே ஆகிவிட்டார். கார்டினலுக்கு மகளா என்று திகைக்கவேண்டாம், முறையான கல்யாணத்தில் பிறந்த ஒரே மகள் மேரி லூசி. அவளைக் கட்டியவர் கிறிஸ்டினாவின் உடன்பிறந்த ஹியூ சார்ல்ஸ், பின்னாளில் ஏழாவது பிரபு. அந்தத் தம்பதியின் மகன்தான் தளபதி ஹென்றி. ஹென்றியின் மகன் நம் ஹியூ.

அப்பாவிடம் வரைபடத்தை நீட்டினேன். ஆங்கிலப் பெயர்களை எல்லாம் ஒதுக்கிவிட்டுக் கோடுகளை மட்டும் விரலால் தடவினார்.

“இது பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்த எடம்மா. இந்தப் பொம்பள அந்த வீட்டுக்குப் போனா, அந்த வீட்டுப் பொண்ணு இங்க வந்துச்சு. நம்ம கணக்குல பாத்தா இந்த ஆளு” — ஏழாவது பிரபுவின் மேல் விரல் — “அக்கா மவள கட்டுனவன் மாதிரி.”

கிறிஸ்டினாவுக்கு மேரி லூசி கொழுந்தனார் வீட்டுப் பெண், நம் கணக்கில் மகள் முறை. அவளைக் கிறிஸ்டினாவின் உடன்பிறந்தான் கட்டுகிறான். தாய்மாமன் கல்யாணம்! டெவன்ஷயர் மாளிகையில் நடந்ததை எண்பதை நெருங்கும் தோட்டத்து மனிதர் ஒரு நிமிடத்தில் பிடித்துவிட்டார்.

“அப்ப கவர்னருக்கு அந்தப் பையன் என்ன முறைப்பா?”

“அப்பன் வழியா பாத்தா மச்சான் புள்ள. மருமவன். ஆத்தா வழியா பாத்தா பேரன் முறையாவுது. ரெண்டு வழியும் சேர்ற எடத்துல கிட்டத்து வழியத்தான் புடிக்கணும். மருமவன்னே வச்சுக்க.”

ஆக ஆளுநர் வெல்ட், ஹியூ கிளிஃபோர்டுக்கு மாமா. எனக்கு அதற்கப்புறம் வெல்ட் ரோட்டைப் பார்க்கும்போதெல்லாம் மாமா ரோடு என்றே தோன்றுகிறது.

இவர்கள் ஏன் இப்படித் தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டார்கள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. வெல்டுகளும் கிளிஃபோர்டுகளும் கத்தோலிக்கர்கள். 1829இல் சட்டம் மாறும்வரை இங்கிலாந்தில் கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் உட்கார முடியாது. பணமும் நிலமும் இருந்தும் ஒதுக்கப்பட்ட சின்னக் கூட்டம். பெண் எடுக்க, கொடுக்க நாலைந்து குடும்பங்கள்தான். உள்ளூரில் வாசல் அடைத்திருந்ததால் பிள்ளைகள் கடல் தாண்டினார்கள். வெல்ட் முதலில் நியூசிலாந்து போய் அங்கே பிரதமராகவும் (1864–65) இருந்தார். அங்கேயும் கூடவே கிளிஃபோர்ட் வீட்டுச் சொந்தம் ஒருவர் உண்டு. பிறகு மேற்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா, கடைசியாக 1880 முதல் 1887 வரை இங்கே. அவர் இறந்தபின் அவருடைய வாழ்க்கை வரலாறு 1914இல் வந்தது. எழுதியவர் லவட் சீமாட்டி, பிறந்த வகையில் வெல்ட் குடும்பத்துப் பெண். முன்னுரை ஹியூ கிளிஃபோர்ட். மாமாவைப் பற்றி வீட்டுப் பெண் எழுத, மருமகன் முன்னுரை! இலக்கிய வட்டாரத்தில் இதற்கு நாம் என்ன பெயர் வைத்திருக்கிறோம் என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

இந்த வெல்ட்தான் 1887இல் சீனர்களின் எண்ணிக்கைக்கு ஈடுகட்ட இந்தியர்களை மலாயாவுக்குக் கொண்டுவரவேண்டும் என்று எழுதியவர். அவர் கூட்டிவந்தது மருமகனை மட்டுமல்ல என்று சொல்லலாம்.

எங்கள் தாத்தாவையும் கூட்டிவந்தவர் மாமாதான். அப்பா சொல்லும் கணக்குப்படி வருடம் 1927, தாத்தாவுக்குப் பன்னிரண்டு வயது. அப்பா செத்துப்போன பையன். வட ஆற்காட்டில் ஏதோ ஒரு ஊர். தாய்மாமன் கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்தில் கங்காணி. கங்காணி முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். தோட்டத்திலிருந்து லைசென்ஸ் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய், சொந்தக்காரனையும் அக்கம்பக்கத்தானையும் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினம் அல்லது ஆவடி முகாம் வழியாகக் கப்பலேற்றுவார்கள். போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கித் தொற்றுத்தடுப்பு முகாமில் கிடந்து, பிறகு லயம். கூட்டிவந்த ஆள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. மருமகன் தலைக்கும் உண்டு. 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை இப்படித்தான் நடந்தது.

அதே 1927இல்தான் ஹியூ கிளிஃபோர்ட், ஆப்பிரிக்காவும் இலங்கையும் சுற்றிவிட்டு, மலாயாவுக்கே ஆளுநராகத் திரும்பி வந்தார். மாமா உட்கார்ந்த நாற்காலி. அப்பா இல்லாத பையனாக, மாமாவை நம்பி வந்த இருவரில் ஒருவர் சிங்கப்பூர் மாளிகையில். இன்னொருவர் ரப்பர் காட்டில் மங்கு கழுவிக்கொண்டு. தாத்தா தன் மாமனைப் பற்றி ஒருநாளும் நல்ல வார்த்தை சொன்னதில்லையாம். “கூட்டியாந்தான், கும்புடு. ஆனா கணக்க மட்டும் காட்டல” என்பாராம். வெல்ட் மருமகனிடம் தலைக்காசு எடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். இரண்டும் ஒன்றுதான் என்று நான் எழுதினால் தாத்தா எழுந்து வந்து அடிப்பார்.

நடுவில் இன்னொரு அடுக்கும் இருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ்களில் யாழ்ப்பாணத்து அண்ணன் தம்பியை வரவழைத்தார், தம்பி மைத்துனரை வரவழைத்தார். ஆனால் அவர்களுக்கு எழுதிவைக்க ஆள் கிடைத்தார். எங்கள் பெட்டாலிங் ஜெயாவிலேயே இருந்த எஸ். துரைராஜசிங்கம். மலாயா தெருப்பெயர்கள் யாரைக் குறிக்கின்றன என்று 1939லேயே புத்தகம் போட்டவர். பிறகு மலேசிய, சிங்கப்பூர் இலங்கையரின் நூறாண்டு வரலாறு. அதற்கும் மேல் ஆனந்த குமாரசுவாமியைப் பற்றியும், அவருடைய அப்பா சர் முத்து குமாரசுவாமியைப் பற்றியும் விடாமல் தொகுத்து வெளியிட்டார். சர் முத்து 1874இல் பட்டம் பெற்றவர், கெண்ட் பகுதி ஆங்கிலப் பெண்ணை மணந்தவர். அவருடைய சகோதரியின் பிள்ளைகள்தான் பொன்னம்பலம் ராமநாதனும் அருணாசலமும். அவர்களும் ‘சர்’. அங்கேயும் ஒரு மாமன், மருமகன்கள், இடையில் ஒரு சகோதரி. துரைராஜசிங்கத்தின் தொகுப்புகளைப் பார்த்தால் எனக்குப் பொறாமைதான் வரும். ஒரு மனிதர் பிறருடைய குடும்பத்துக்காக இவ்வளவு காகிதம் சேர்த்திருக்கிறார்!

எங்களிடம் காகிதமே இல்லை. தாத்தா பெயர் அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, ஐசியில் ஒரு மாதிரி, இறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி. கிராணிக்கு அன்றைக்கு எப்படிக் காதில் விழுந்ததோ அப்படி. குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாததால் ‘அனாக் லெலாக்கி’ போட்டு அப்பன் பெயர், அதற்குமேல் ஒரு படி ஏறினால் இருட்டு. தோட்டம் விற்றுப்போய் வீடமைப்பு வந்துவிட்டது. செக்ரோல் எங்கே போனது என்று கேட்க ஆளில்லை. தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அவர்கள் வீட்டில் “உங்க குலதெய்வம் எது?” என்று கேட்டார்கள். அப்பா “மாரியம்மா” என்றார். தோட்டத்துக் கோயில் சாமியைச் சொன்னார். வேறென்ன சொல்வார்?

எழுதாமல் இருந்த ஒரே வம்சாவளி பாட்டியின் ஒப்பாரி. சாவு வீட்டில் பாட்டி மாரடித்துப் பாடினால், செத்தவர் யாருக்கு மகன், யார் வயிற்றுப் பேரன், எந்தெந்த வீட்டுக்குப் பெண் கொடுத்தவர் என்று வரிசையாக வரும். அதில் ஊர் பெயரும் வருமாம். 1991இல் பாட்டி போனபோது அவருக்கு அப்படிப் பாட யாரும் இல்லை. கேசட்டில் பக்திப் பாட்டு போட்டார்கள்.

அத்தை அப்பாவுக்கு எட்டு வயது மூத்தவர். போருக்கு முந்தின பிள்ளை. லயத்தில் பிறந்தார், பதிவு செய்யவில்லை. அப்பா போருக்குப் பின் பிறந்தார், கிராணி எழுதினார். வித்தியாசம் அவ்வளவுதான். அத்தையைக் கட்டிய மாமா ஊரில் பிறந்தவர், சிவப்பு ஐசி. 1968இல் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர்கள் வேலைக்குப் பெர்மிட் வாங்கவேண்டும் என்று ஆனது. அத்தை இந்த மண்ணில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். பெற்ற தாய் எதிரில் நிற்கிறாள், அது அத்தாட்சி ஆகாது. பல்லாயிரம் பேர் அப்படிப் போனார்கள். 1970இல் அத்தையும் மாமாவும் மூன்று பிள்ளைகளும் போர்ட் சுவெட்டன்ஹாமில் ‘ரஜுலா’ கப்பல் ஏறினார்கள். அப்பாவுக்கு அப்போது 24 வயது. நாகப்பட்டினத்தில் இறங்கியதாக ஒரு கடிதம், பிறகு இரண்டு கடிதம். எல்லாம் வேறு யாரோ எழுதிக்கொடுத்தவை. நாங்கள் தோட்டம் மாறினோம். கடிதம் நின்றது.

வெல்ட் வீட்டு வரைபடத்தில் கிறிஸ்டினாவையும் மேரி லூசியையும் அழித்துவிட்டால் கிளிஃபோர்ட் மலாயாவுக்கு வந்திருக்கவே வழியில்லை. அந்தப் புத்தகத்தில் பெண்கள் பின்வரிசையில் இருந்தாலும் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் கோடு அறுந்த இடமும் ஒரு பெண்தான். அத்தையின் பிள்ளைகள் அவர்கள் அப்பாவின் இன்ஷியலோடு எங்கோ இருப்பார்கள். அத்தை பெயர் அவர்கள் பெயரில் எங்கேயும் இருக்காது.

போன தைப்பூசத்துக்கு அடுத்த வாரம் அப்பாவைப் பழைய தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். லயம் இருந்த இடத்தில் இரண்டு மாடி வீடுகள். கோயில் மட்டும் மிச்சம். உள்ளே, மணிக்குப் பக்கத்துச் சுவரில், பெயின்ட் பூசிப் பூசி எழுத்து மங்கிய ஒரு உபயக்காரர் பலகை. 1964ஆம் வருடத்துத் திருப்பணி. அப்பா விரலால் ஒவ்வொரு பெயராகத் தடவிப் போனார். ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி, இரண்டு வெள்ளி. நடுவில் நின்றார்.

“உங்க மாமா.”

மூன்று வெள்ளி கொடுத்திருக்கிறார். பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்துகள். ஒன்று அப்பன் பெயர். இன்னொன்று ‘வே’. அந்தக் காலத்து ஆட்கள் ஊரைத்தான் முதலில் போடுவார்கள் என்று பூசாரி சொன்னார். கைப்பேசியில் நாலு படம் எடுத்தேன்.

காரில் வரும்போது அப்பா பேசவே இல்லை. ஃபெடரல் நெடுஞ்சாலையில் சுபாங் தாண்டும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

“வேலூர். அது பெரிய ஊரு, அதுவா இருக்காது. வேப்பூர்னு ஒண்ணு உண்டு. வேட்டவலம்... வேட்டவலம் நம்ம பக்கந்தான். எழுதிக்கமா. வேப்பங்குப்பம்...”

நான் வண்டியை ஓரம் கட்டிப் பேனாவைத் தேடினேன்.