ஹவுண்ட் டாக் யாருடைய பாட்டு?

'ஹவுண்ட் டாக்' எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டு என்றுதான் கனகாலம் நினைச்சிருந்தம். 1952இல் அதை முதலில் ஒலிப்பதிவு செய்தவர் பிக் மாமா தோர்ண்டன் என்ற கறுப்பினப் பாடகி. தனக்குக் கிடைத்தது 500 டொலர் மட்டும்தான் என்று பிறகு சொல்லியிருக்கிறார். வெள்ளையர் களவெடுத்த பாட்டு என்று எங்களுக்குக் கோபம் வந்தது. ஆனா அவவின்ர குரலுக்கெண்டே அதை எழுதினதும் லீபர், ஸ்டோலர் என்ற 2 வெள்ளைப் பெடியள்தான். அப்ப 19 வயசு, எங்கட வயசு!

களவு போனது வேறொன்று. தோர்ண்டன் பாடும்போது, தன்னில ஒட்டிக்கொண்டு திரியுற ஆம்பிளையை ஒரு பெண் வாசலுக்கு வெளியே துரத்துகிறாள். 1956இல் எல்விஸிட்ட வரேக்க வரிகள் மாறி, அது வெறும் நாய்ப்பாட்டு. இப்ப ரெண்டையும் அடுத்தடுத்துக் கேக்கிறம். எல்விஸுக்கும் கால் ஆடத்தான் செய்யுது, கொஞ்சம் வெக்கமாக் கிடக்கு.