செம்பனை முடிகிற இடத்தில் ஒரு காடு

சிரம்பானிலிருந்து ஜெலெபு போகிற சாலை புக்கிட் தங்காவில் ஏறத் தொடங்கியதும் வளைவுகள் தலையைச் சுற்ற வைக்கும். குவாலா கிளாவாங்கில் ஒரு தே தாரிக் குடித்துத் தெளிந்துகொண்டு சிம்பாங் பெர்தாங் பக்கம் போனால், அப்புறம் இரண்டு புறமும் செம்பனைதான். இந்தச் செம்பனைக்கு நடுவில், மூன்று பக்கமும் அதனாலேயே சூழப்பட்டுக் கிடக்கிறது பாசோ வனக் காப்பகம். மொத்தம் சுமார் 2,450 ஹெக்டர். கோடரி படாத மையப் பகுதி அதில் ஏறக்குறைய கால் பங்கு.

நெகிரி செம்பிலான் என்றால் நம்மவர்களுக்கு நினைவு வருவது தோட்டங்கள்தான். பகாவ், கோலப்பிலா, ரெம்பாவ், லிங்கி என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே யாராவது ஒரு மாமாவோ சின்னம்மாவோ அங்கே பால்மரம் வெட்டியிருப்பார்கள். ஆனால் உலகின் எந்த மூலையிலும் வெப்பமண்டலக் காடுகளைப் படிக்கிற மாணவருக்கு இந்த மாநிலத்தில் தெரிந்த ஒரே பெயர் பாசோ. 1970களின் தொடக்கத்தில் மலேசிய, பிரிட்டிஷ், ஜப்பானிய ஆய்வாளர்கள் இங்கே சேர்ந்து வேலை செய்தார்கள். 1985இல் மலேசிய வன ஆராய்ச்சிக் கழகமான பிரிம், காட்டுக்குள் 50 ஹெக்டர் நிலத்தை அளந்து ஒதுக்கி, அதிலுள்ள மரங்களை எண்ணத் தொடங்கியது.

எண்ணுவது என்றால் பெரிய மரங்களை மட்டுமல்ல. நெஞ்சு உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் பருமன் இருந்தால் போதும், சுண்டுவிரல் அளவுக் குச்சிக்கும் எண் உண்டு, பெயர் உண்டு, வரைபடத்தில் இடம் உண்டு. முதல் கணக்கில் தேறியவை சுமார் 335,000 மரங்கள், 800க்கும் மேற்பட்ட இனங்கள். பிரிட்டன் முழுவதற்கும் சொந்தமான மர இனங்கள் சில டஜன்தான் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒரு முறை மறுபடி அளக்கிறார்கள். இந்த அளவெடுப்பு முறையை விளக்கி 1990இல் வந்த நூலில் முதல் பெயர் என். மனோகரன். இனம் பிரித்துப் பெயர் சொன்னவர் கே.எம். கொச்சும்மன். நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இந்தப் பெயர்கள் இருந்தால் நன்றாக இருக்கும்.

அனுமதி வாங்கித்தான் உள்ளே போக முடியும். நான் போன அன்று வெளியே வெயில் கொளுத்தியது. காட்டுக்குள் பத்து அடி வைத்ததும் கண் இருட்டி, உடம்பு குளிர்ந்தது. மெராந்தி மரங்களின் அடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தவனை, உடன் வந்த கள உதவியாளர் நிறுத்தித் தரையைப் பார்க்கச் சொன்னார். ஒடித்த செடிகளும் பிடுங்கிய கன்றுகளும் குப்பலாகக் கிடந்தன. யாரோ விறகு சேர்த்துவிட்டு மறந்து போனது போல. "பன்றிக் கூடு" என்றார்.

காட்டுப்பன்றி குட்டி போடுவதற்கு முன் இப்படி மெத்தை போடும். ஒரு கூட்டுக்குச் சராசரியாக 260க்கும் மேற்பட்ட இளமரங்கள் பலியாகின்றன என்று பாசோவில் எண்ணியிருக்கிறார்கள். பாதிக்கு மேல் வேரோடு பிடுங்கப்பட்டவை. ஒரு பன்றி என்றால் காடு தாங்கும். கேலன் இக்கிஸ் என்ற ஆய்வாளர் 1996இல் இங்கே கணக்கிட்டபோது ஒரு சதுர கிலோமீட்டருக்கு 47 பன்றிகள் இருந்தன.

இத்தனை பன்றிகளும் எதைத் தின்று வளர்கின்றன? இதற்கு எனக்கு முதலில் பதில் சொன்னது ஆய்வுக் கட்டுரை அல்ல. பகாவ் பக்கத் தோட்டமொன்றில் முப்பது வருடம் உதிரிப் பழம் பொறுக்கிய பாட்டி ஒருவர். "நாம விடியறதுக்குள்ள போவோம் தம்பி. அது நமக்கு முந்தியே வந்து தின்னுட்டுப் போயிருக்கும். ராத்திரி இங்க சாப்பாடு, பகல்ல காட்டுல தூக்கம்" என்றார்.

நம் காட்டு மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை எல்லாம் ஒன்றாகப் பூத்து, ஒன்றாகக் காய்த்துக் கொட்டும். இடைப்பட்ட பஞ்ச காலத்தில் பன்றிகள் மெலியும், சாகும். விதைகளும் அதனால்தான் தப்பின. அந்தப் பெரும்பூப்பில் மெராந்திகளுக்கு மகரந்தம் கடத்துவது கடுகை விடச் சிறிய இலைப்பேன் என்று எஸ். அப்பண்ணாவும் சானும் 1981இல் எழுதியதும் இந்தக் காட்டை வைத்துத்தான். செம்பனைக்கோ பஞ்சம் கிடையாது. வருடம் முழுக்கக் குலை, வருடம் முழுக்க உதிரி. பசியில்லாத பன்றிகளை அடிக்க முன்பு புலியும் சிறுத்தையும் இருந்தன. பாசோவில் இப்போது அவையும் இல்லாத கணக்குத்தான்.

மேத்யூ லஸ்கின் தலைமையிலான குழு 2017இல் வெளியிட்ட முடிவு இன்னும் கடுமையானது. செம்பனைப் பழம் பன்றிகளை நூறு மடங்கு பெருக்கியிருக்கிறது. தோட்ட எல்லையிலிருந்து 1.3 கிலோமீட்டருக்கும் அப்பால், மரம் வெட்டாத, தீ வைக்காத காட்டில், 24 ஆண்டுகளில் இளமரங்களின் அடர்த்தி 62 விழுக்காடு குறைந்துவிட்டது. மேலே பார்த்தால் காடு நிறைந்து நிற்கிறது. கீழேதான் அடுத்த தலைமுறை இல்லை. அதற்கு முன்பே இக்கிஸும் அப்பண்ணாவும் மற்றவர்களும் சில இடங்களை வேலியடைத்துப் பார்த்தார்கள். இரண்டே ஆண்டில் வேலிக்குள் புதிதாக முளைத்து வந்த கன்றுகள் வெளியே உள்ளதைப் போல மூன்று மடங்கு. மண் இன்னும் சாகவில்லை என்று அதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது.

விளைநிலத்தின் நடுவே மாட்டிக்கொண்ட இயற்கைக்கு எங்கும் இதே பாடுதான். அமெரிக்காவின் வடக்குப் புல்வெளிகளில், கோதுமை வயல்களுக்கு இடையிலுள்ள குட்டைகளை நம்பிக் காட்டு வாத்துகள் கூடு வைக்கின்றன. வடக்கு டகோட்டா ஆய்வு மையத்தார் 1990களின் தொடக்கத்தில் எண்ணியபோது, செந்நரி ஆளும் இடங்களில் 100க்கு 17 கூடுகள்தான் தேறின. நரியை விரட்டும் கொயோட்டி ஓநாய்கள் இருந்த இடங்களில் 32. அங்கே கொயோட்டி, இங்கே புலி. பெரிய விலங்கு போன இடத்தை நடுத்தர விலங்கு பிடித்துக்கொள்கிறது.

வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டைக் காப்பாற்றிவிட்டோம் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கோடு பன்றிக்குத் தெரியாது. தோட்டத்தில் ஆள் பற்றாமல் கிடக்கிற உதிரி முதலாளிக்கு நட்டம் என்றுதான் இதுவரை பேசியிருக்கிறோம். பாட்டி பொறுக்கிய ஒவ்வொரு சாக்கும் காட்டுக்கும் கணக்கில் சேர்ந்தது என்று அவரிடம் சொன்னேன். "அதுக்குக் கூலி போட்டாங்களா?" என்று கேட்டார்.

போக நினைப்பவர்கள் பிரிமிடம் முன்கூட்டியே எழுதி அனுமதி பெறுங்கள். பூங்கா மாதிரி நுழைவுச்சீட்டு கிடையாது. செம்பனை முடிந்து மரங்கள் தொடங்கும் விளிம்பில் கொஞ்சம் நின்று பாருங்கள். தோட்டத்திலிருந்து காட்டுக்குள் மிதிபட்டுத் தேய்ந்த ஒற்றையடித் தடங்கள் போகின்றன. குனிந்தால்தான் நுழைய முடியும், அவ்வளவு தாழ்வானவை.