நிமிடத்துக்கு 5400 சுற்று

லேப்டாப் வாங்கும்போது "5400ஆ, 7200ஆ?" என்று குழம்பிய கடைசித் தலைமுறை எங்களுடையதாகத்தான் இருக்கும். ஹார்ட் டிஸ்க்குக்குள் இருக்கும் தட்டு ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை சுற்றும் என்பதுதான் அந்த எண். 2010-இல் என் முதல் லேப்டாப்புக்கு 7200 வேண்டுமென்றால் 2,500 ரூபாய் கூடுதல். ஏறக்குறைய அதே பணத்துக்கு 2 ஜிபி ரேமை 4 ஜிபி ஆக்கிக்கொள்ளலாம். ரூம்மேட் தீர்ப்பே எழுதிவிட்டான்: "மச்சி, 7200 எடு. அப்புறம் ஸ்லோவா இருக்குன்னு எங்கிட்ட புலம்பக் கூடாது."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 5400 என்றால் விநாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லிவிநாடி. நமக்கு வேண்டிய தகவல் தட்டின் எந்தப் பக்கம் இருக்கும் என்று சொல்ல முடியாது. சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அதாவது 5.6 மில்லிவிநாடி. 7200-இல் அது 4.2. இதற்கு முன்னால் இன்னொரு காத்திருப்பு உண்டு. படிக்கும் முனை தட்டின் குறுக்கே நகர்ந்து சரியான தடத்துக்கு வந்து நிற்க வேண்டும். லேப்டாப் டிஸ்க்கில் இதற்குச் சுமார் 12 மில்லிவிநாடி ஆகும். தட்டு வேகமாகச் சுற்றுவதால் மட்டும் முனை வேகமாக நகர்ந்துவிடாது. இரண்டையும் கூட்டினால் 17.6-க்கு 16.2. சிதறிக் கிடக்கும் துண்டுகளை எடுக்கச் சொன்னால் ஒன்று விநாடிக்கு 57 துண்டு எடுக்கும், இன்னொன்று 62. இந்த ஐந்துக்குத்தான் 2,500 ரூபாய்.

பெரிய சினிமா ஃபைலைக் காப்பி பண்ணினால் 7200 நன்றாகவே ஜெயிக்கும். வரிசையாகப் படிக்கும்போது சுற்றும் வேகம் அப்படியே பலன் தரும். ஆனால் லேப்டாப் ஆன் ஆவதும் பிரவுசர் திறப்பதும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடும் வேலை. ரேம் பத்தாமல் போனால் இன்னும் மோசம்: அதில் கொள்ளாததை டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்து, பிறகு தேடித் தேடி எடுக்கும். டிஸ்க் ஒரு துண்டை எடுத்துத் தருவதற்குள் 2 கிகாஹெர்ட்ஸ் பிராசசரின் கடிகாரம் மூன்றரைக் கோடி தடவை துடித்திருக்கும். டிஸ்க்கை வேகமாக்குவதைவிட டிஸ்க் பக்கமே அதிகம் போகாமல் இருப்பது மேல். 5400-உம் 4 ஜிபி ரேமும் வாங்கினேன்.

இந்தக் காத்திருப்பு பழையது. 1956-இல் ஐபிஎம் வெளியிட்ட ராமாக் கணினியின் டிஸ்க்கில் 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள். மொத்தம் 50 லட்சம் எழுத்துகள் கொள்ளும். நிமிடத்துக்கு 1200 சுற்று. என் லேப்டாப்பின் 500 ஜிபி டிஸ்க்கோடு ஒப்பிட்டால் கொள்ளளவு ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு கூடியிருக்கிறது. சுற்றும் வேகம் கூடியது நாலரை மடங்கு. சர்வர்களுக்கென்று 15000 சுற்று டிஸ்க்குகள் வந்தன. சூடும் சத்தமும் கரண்ட் செலவும் கூடவே வந்தன. அதை மடியில் வைத்துக்கொள்ள முடியாது.

தட்டை நினைத்த வேகத்துக்கு விரட்ட முடியாததால் நிரலை மாற்றி யோசித்தார்கள். போயிங் ஆய்வகத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் 1970 வாக்கில் உருவாக்கிய பி-ட்ரீ, லட்சக்கணக்கான பதிவுகளில் ஒன்றை டிஸ்க்கை மூன்று நான்கு தடவை தொட்டே எடுத்துவிடும். லிஃப்ட் மாதிரி ஒரே திசையில் போகிற போக்கில் வழியில் இருக்கும் வேலைகளை முடித்துவிடும் அல்காரிதத்தைக் காலேஜில் பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணினோம். காத்திருப்புக்கு விலை உண்டு என்று தெரிந்தவர்கள் செய்த வேலைகள் இவை.

எஸ்எஸ்டியில் தட்டும் கிடையாது, முனையும் கிடையாது. ஒரு துண்டை எடுக்க மில்லிவிநாடியில் பத்தில் ஒரு பங்கு போதும். என்னைப் போல நிரல் எழுதுகிறவர்கள் மேசையில் இன்று ஹார்ட் டிஸ்க் லேப்டாப் அபூர்வம். நாங்கள் எழுதும் ஆப் ஒன்று திறக்கும்போது 3000 இடங்களில் போய்த் தேடினால், எங்கள் மெஷினில் அரை விநாடிகூட ஆகாது. 5400 டிஸ்க்கில் அதே தேடலுக்கு ஐம்பது விநாடிக்கு மேல் ஆகும். அந்த ஐம்பது விநாடியை வேறு யாரோ உட்கார்ந்து கழிக்கிறார்கள்.

அக்கா மகள் காலேஜுக்கு வைத்திருந்தது கைமாறி வந்த பழைய லேப்டாப். "ஆன் பண்ணிட்டுக் குளிச்சிட்டு வந்தா சரியா இருக்கும் மாமா" என்று சிரிப்பாள். ஆன்லைன் பரீட்சை அன்றைக்கு மட்டும் சிரிப்பு வராது. அரை மணி நேரம் முன்னாடியே ஆன் பண்ணி, எதையும் தொடாமல் உட்கார்ந்திருப்பாள்.

"7200 வாங்கிப் போட்டா சரியாகுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அதே 2.5 அங்குல இடத்தில் பொருந்தும் சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி மாட்டிக் கொடுத்தேன். கழற்றிய 5400 டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணி, ஆபீஸில் டெஸ்டிங்குக்கு வைத்திருக்கும் ஒரு மெஷினில் போட்டேன். ஒவ்வொரு ரிலீஸுக்கு முன்பும் எங்கள் ஆப்பை அதில் ஒரு தடவை திறந்து பார்க்கிறோம். முதல் தடவை 48 விநாடி ஆனது. இப்போது 19. டீமில் எல்லோரும் அதைச் சுற்றி நின்று பார்க்கும்போது அந்த 19 விநாடி ரொம்ப நீளமாக இருக்கிறது.