அடைப்புக்குறியும் எமது கண்ணும்

திறந்த அடைப்பை மூடாது விடுபவன் வீட்டுக் கதவையும் திறந்துவிட்டு உறங்குவான் என்பது எமது அட்சரகணித ஆசிரியர் வாக்கு. அவர் காதைத் திருகியதன் பயனோ என்னவோ, பிற்காலத்திற் கணினிக்குப் புரோகிராம் எழுதுதலே எமது சீவனோபாயமாயிற்று.

புரோகிராமிலே அடைப்புக்குறிகள் ஒன்றனுள் ஒன்றாய் நாலைந்து படி செல்லும். திறக்குங் குறிகளைக் கணினி கோப்பைகளைப்போல் அடுக்கிக்கொண்டு வரும். மூடுங்குறி வந்ததும் மேலிருப்பதை எடுத்துவிடும். ஈற்றில் அடுக்கு வெறுமையாயின் அதற்குத் திருப்தி. மூடுங்குறி இடந்தவறி நிற்பினும், கணக்குச் சரியாயின் அது வாய் திறவாது. இதனால் யாம் பட்ட பாடு பெரிது. வட்டி கணிக்கும் புரோகிராம் ஒன்றிலே, ஒவ்வொரு கணக்குக்கும் நிகழவேண்டிய வரி, மூடுங்குறி சற்று முந்தியமையால் வளையத்துக்கு வெளியே விழுந்துவிட்டது. கடைசிக் கணக்குக்கு மாத்திரமே வட்டி ஏறிற்று. இரண்டு நாள் தேடியுங் கண்டிலேம்.

உடன் பணிபுரிந்த இளைஞர், அவரும் எமது கல்லூரியின் பழைய மாணவரே, எட்டிப் பார்த்தார். "சேர், மண்ணிறத்துக்குள்ளே இருக்கவேண்டிய வரி பச்சைக்குள்ளே கிடக்குது" என்றார்.

யாம் எழுதும் விசுவல் ஸ்ரூடியோ கோட் என்னுஞ் செயலியிலே, அடைப்புச் சோடிகளுக்கு நிறமூட்டும் வசதி 2021 இல் உள்ளமைக்கப்பட்டு, 2022 முதல் தானாகவே இயங்குகிறது. வெண்டிரையில் முதற்படி நீலம், இரண்டாவது பச்சை, மூன்றாவது மண்ணிறம். நாலாவது மீண்டும் நீலம். எமக்கோ பச்சையும் மண்ணிறமும் ஒன்றே.

இதனை யாம் முதன்முதல் அறிந்தது கல்லூரி இரசாயன ஆய்வுகூடத்திலே. பன்சன் சுடரடுப்பிற் பேரியம் பச்சையாயும் கல்சியம் செங்கல் நிறமாயும் எரியும் என்றனர். யாம் கண்டது இரண்டிலும் ஒரே மங்கல். வெட்கத்தால் ஒருவருக்குஞ் சொல்லாது, பக்கத்தில் நின்ற நண்பரின் கொப்பியைப் பார்த்தெழுதினோம். இக்குறைபாடு தமக்குண்டென 1794 இல் சபையறியக் கூறியவர் அணுக்கொள்கை தந்த ஜோன் டால்ற்றன் என்னும் இரசாயனரே. அத்துணிவு எமக்கு அறுபது வயதளவிலேதான் வந்தது. அன்று அவ்விளைஞரிடம் சொல்லிவிட்டோம்.

அவர் சிரிக்கவில்லை. செற்றிங்ஸ் கோப்பைத் திறந்து காட்டினார். ஆறு படிகள் வரை ஒவ்வொன்றுக்கும் வேண்டிய நிறத்தை நாமே எழுதலாமாம். கடுநீலம், செம்மஞ்சள், கறுப்பு என மூன்றை இட்டோம். சோடியில்லாத குறிக்கும் தனி நிறம் உண்டு. குறியருகே நிற்கையில் அதன் சோடியைச் சூழ்ந்து தோன்றும் பெட்டி மெல்லியதாயிருந்தமையின், அதன் பின்னணிக்கும் நிறங் கொடுத்தோம். கொன்றோல், ஷிப்ற் என்பவற்றுடன் பின்சாய்கோட்டை அழுத்தினால் ஒரு குறியிலிருந்து அதன் சோடிக்குத் தாவலாம் என்பதையும் அன்றே கற்றோம். பிழை அரை நிமிடத்திற் கண்ணிற்பட்டது.

ஆய்வுகூட நண்பர் இம்மலரைப் படிக்கக்கூடும். அன்று எமது கொப்பியிலிருந்த "பச்சை" முழுவதும் அவருடையதே.