இல்லாத காலில் வலி



எங்கட கொடிகாமத்துக்குக் கிட்டத்தான் முகமாலை. மிதிவெடியில் கால் இழந்தவர்களில் சிலர், இல்லாத பாதம் எரியுது, விரல் இழுக்குது என்பார்கள். "மனப்பிரமை" என்று வீட்டார் விட்டுவிடுவார்கள்.

பிரமை இல்லை. தரம் 11இல் நாங்கள் படிப்பிக்கிற நரம்புத் தொகுதிதான் இது. காலிலிருந்து கணத்தாக்கம் முண்ணாண் வழியே மூளைக்குப் போகும். வலியை உணர்வது மூளை. கால் போனாலும் மூளையில் அதற்குரிய இடம் இருக்கும். அறுந்த நரம்பு நுனியும் சும்மா கிடக்காது.

சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் முகம் பார்க்கும் கண்ணாடியில் இருக்கிற கையின் விம்பத்தை இல்லாத கையாகக் காட்டியே சிலரின் வலியைக் குறைத்தார். எல்லோருக்கும் சரிவராதுதான். ஆனால் இந்த வலிக்குக் கொடுக்கிற மருந்துகளும் இருக்கு. பனடோலோடு நிற்காமல், கிளினிக்கில் டொக்டரிட்ட வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கோ.