கையெழுத்துக்கு முன்னால்

கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளைகளும் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகளும் என்னிடம் அடிக்கடி சொல்கிற ஒரு வாக்கியம் உண்டு: "சட்டப்படி எல்லாம் சரியாத்தான் இருக்கு அய்யா." அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஜான் மூர் என்ற அமெரிக்கரின் நினைவு வரும்.

மூர் அலாஸ்கா எண்ணெய்க் குழாய்த் திட்டத்தில் வேலை பார்த்தவர். 1976-இல் அவருக்கு அரிய வகை ரத்தப் புற்றுநோய் வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனையில் சேர்ந்தார். மண்ணீரலை எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார். அந்த வைத்தியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் வழக்காயிற்று. சியாட்டிலில் குடியிருந்த அவரை ஏழு ஆண்டுகள் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வரவழைத்து ரத்தம், எலும்பு மஜ்ஜை என்று எடுத்துக்கொண்டே இருந்தார்கள். எல்லாம் தன் உடம்பின் நன்மைக்குத்தான் என்று அவர் நம்பினார். அவருடைய உயிரணுக்கள் சில புரதங்களை ஏராளமாகச் சுரப்பதை மருத்துவர் கண்டுபிடித்திருந்தார் என்பதும், அவற்றை ஆய்வகத்தில் வளர்த்து 'மோ' என்று பெயரிட்டிருந்தார்கள் என்பதும் அவருக்குத் தெரியாது. 1981 ஜனவரியிலேயே பல்கலைக்கழகம் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்துவிட்டது. ஒரு மருந்துக் கம்பெனி 75,000 பங்குகளும் மூன்று ஆண்டுகளில் 3,30,000 டாலரும் தருவதாக ஒப்பந்தம் போட்டது. பிறகு இன்னொரு கம்பெனியும் சேர்ந்தது.

1983-இல்தான் மூரின் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். தன் ரத்தத்திலிருந்து உருவாகும் எந்தப் பொருளிலும் தனக்கோ தன் வாரிசுகளுக்கோ உரிமை இருந்தால் அதைப் பல்கலைக்கழகத்துக்கு விட்டுத் தருகிறேன் என்று அதில் இருந்தது. தருகிறேன், தரவில்லை இரண்டில் ஒன்றை வட்டமிட வேண்டும். முதல் தடவை 'தருகிறேன்' என்று வட்டமிட்டவர், அடுத்த தடவை 'தரவில்லை' என்பதை வட்டமிட்டார். உடனே தொலைபேசியில் கூப்பிட்டார்கள், தவறாகக் குறித்துவிட்டீர்கள், திருத்திக் கொடுங்கள் என்று. அப்போதுதான் அவருக்குச் சந்தேகம் தட்டியது. தாளை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனார்.

பிள்ளைகளே, தேதிகளைக் கவனியுங்கள். காப்புரிமைக்கு விண்ணப்பம் 1981. சம்மதம் கேட்டது 1983. எடுத்து, வளர்த்து, விலை பேசி முடித்த பிறகு கேட்டிருக்கிறார்கள். பத்திர ஆபீசில் கிரயம் முடிந்த பிறகு நிலத்துக்காரனைக் கூப்பிட்டுக் கைநாட்டுக் கேட்பது போன்றது இது.

1990 ஜூலையில் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடம்பைவிட்டு வெளியே வந்த அணுக்கள் மூரின் சொத்து என்று சொல்ல முடியாது, அப்படிச் சொன்னால் ஆராய்ச்சியே முடங்கிப்போகும் என்றது பெரும்பான்மை. அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது. தன் நோயாளியின் உடம்பில் தனக்குப் பண லாபமோ ஆராய்ச்சி லாபமோ இருந்தால், மருத்துவர் அதைச் சிகிச்சைக்கு முன்பே சொல்லியாக வேண்டும், சொல்லாதது கடமை மீறல் என்றது. எல்லோரும் லாபம் பார்க்கலாம், லாபத்துக்கு மூலமான மனிதர் மட்டும் பார்க்கக் கூடாதா என்ற பொருளில் நீதிபதி மோஸ்க் எதிர்த் தீர்ப்பு எழுதினார். என் மனம் மோஸ்க் பக்கம்தான். ஆனால் பெரும்பான்மையின் இரண்டாவது பகுதியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பங்கு தருவது பற்றி நூறு வாதம் செய்யலாம். சொல்வது பற்றி வாதமே கிடையாது.

ஒரு பல்கலைக்கழகம் இப்படி வியாபாரியின் வேகத்தில் ஓடியதற்குக் காரணம் உண்டு. 1980-இல் அமெரிக்காவில் பேய்–டோல் சட்டம் வந்தது. அரசாங்கப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் கண்டுபிடிப்புக்குப் பல்கலைக்கழகமே காப்புரிமை வைத்துக்கொண்டு கம்பெனிகளுக்கு உரிமம் கொடுக்கலாம் என்றது. நல்ல நோக்கம்தான். அலமாரியில் தூங்கிய கண்டுபிடிப்புகள் மருந்தாகி மக்களுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனால் நோயாளியின் பக்கத்தில் நிற்கும் மருத்துவரும், விலை பேசும் மேஜையில் உட்காருபவரும் ஒரே ஆளாகிவிடும் நிலையும் கூடவே வளர்ந்தது.

ஹென்ரியெட்டா லாக்ஸ் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1951-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அந்தக் கறுப்பினத் தாயின் கட்டியிலிருந்து எடுத்த அணுக்கள் இன்றும் 'ஹீலா' என்ற பெயரில் உலகமெங்கும் ஆய்வகங்களில் வளர்கின்றன. கேட்காமல் எடுப்பது அன்றைய வழக்கம், தடுக்கச் சட்டம் கிடையாது. எடுத்த ஆய்வாளர் பிற ஆய்வாளர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார். விற்றவர்கள் பின்னால் வந்தவர்கள். குடும்பத்துக்கு விஷயம் தெரியவே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2013-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் அந்த அணுக்களின் மரபணு வரைபடத்தைக் குடும்பத்தைக் கேட்காமலே வெளியிட்டார்கள். அப்போதும் சட்டம் மீறப்படவில்லை. எதிர்ப்பு எழுந்த பிறகு, அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி, அந்த வரைபடத்தை யார் பார்க்கலாம் என்று முடிவு செய்யும் குழுவில் குடும்பத்தாருக்கும் இடம் கொடுத்தது. அந்த அணுக்களை விற்ற தெர்மோ ஃபிஷர் கம்பெனி மீது வாரிசுகள் போட்ட வழக்கு 2023 ஆகஸ்டில் சமரசத்தில் முடிந்தது. எழுபத்திரண்டு ஆண்டுகள்!

தூர தேசத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். நம் அகத்தியமலைக்கு வாருங்கள்.

1987 டிசம்பரில் விஞ்ஞானிகள் குழு ஒன்று அந்த மலையில் ஏறியது. பழங்குடிகளின் தாவர அறிவைப் பதிவு செய்யும் அகில இந்தியத் திட்டத்தின் வேலை. வழிகாட்டியாகக் காணி இளைஞர்கள் சிலர் போனார்கள். ஏறுகிற ஏற்றத்தில் விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்குகிறது, காணிகளோ சிறு காய் எதையோ வாயில் போட்டு மென்றுகொண்டு அலுப்பில்லாமல் நடக்கிறார்கள். கேட்டபோது இவர்களுக்கும் கொடுத்தார்கள். தின்றவர்களுக்குக் களைப்பு பறந்தது. எந்தச் செடி என்று கேட்டதற்குக் காணிகள் தயங்கினார்கள். வெளியாருக்குச் சொல்லக் கூடாத ரகசியம் அது. தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று விஞ்ஞானிகள் வாக்குக் கொடுத்த பிறகே ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியைக் காட்டினார்கள்.

பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் அதோடு வேறு மூலிகைகளையும் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. தயாரிக்கும் உரிமத்தைக் கோயம்புத்தூர் ஆர்ய வைத்தியப் பார்மசிக்கு ஏழு ஆண்டுகளுக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 சதவீதத்துக்கும் கொடுத்தார்கள். நிறுவனத்தின் இயக்குநர் புஷ்பாங்கதனும் அவருடைய குழுவும் வருகிற பணத்தில் சரிபாதி காணிகளுக்கு என்று முடிவெடுத்தார்கள். அப்போது இந்தியாவில் அப்படிக் கொடுக்கச் சொல்லும் சட்டம் ஏதும் இல்லை. பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 2002-இல்தான் வந்தது. சட்டம் கேட்காத காலத்தில் ஒரு நிறுவனம் தானாகக் கொடுத்தது. இதை நான் எந்த மேடையிலும் சொல்வேன்.

ஆனாலும் முழுக் கதையையும் சொல்லவேண்டும். பணத்தை வாங்கக் காணிகளிடம் அமைப்பு இல்லை. 1997-இல் அறக்கட்டளை பதிவாகி, 1999-இல்தான் முதல் தொகை, ஐந்து லட்சத்துச் சொச்சம், போய்ச் சேர்ந்தது. செடியைப் பயிரிடவும் பறிக்கவும் முனைந்த காணிகளை வனத்துறை தடுத்தது. காணிகளின் வைத்தியர்களான 'பிலாத்தி'களில் சிலர், தங்கள் ஞானத்தைத் தங்களைக் கேட்காமல் யாரோ சில இளைஞர்கள் சொல்லிவிட்டார்கள் என்று எதிர்த்தார்கள். அறக்கட்டளை கேரளப் பக்கத்துக் காணிகளுக்கானது. மலைக்கு இந்தப் பக்கம் பாபநாசத்திலும் காணிகள் இருக்கிறார்கள். யாரிடம் கேட்பது, யார் சம்மதித்தால் எல்லோரும் சம்மதித்ததாகும் என்ற கேள்வி முதல் நாளே எழுந்திருக்க வேண்டியது. நல்ல மனம் இருந்தும் அந்தக் கேள்வி பிந்தி வந்ததால் நல்ல காரியத்திலும் மனத்தாங்கல் மிஞ்சியது. உலக அளவில் பாராட்டுப் பெற்ற ஏற்பாடு இது, பாராட்டுக்குத் தகுதியும் உண்டு. இருந்தும் அந்தப் பிலாத்திகளின் வருத்தத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

இதையெல்லாம் ஒரு தமிழாசிரியர் ஏன் படித்து வைத்திருக்கிறார் என்று கேட்பீர்கள். பணி ஓய்வுக்குப் பிறகு தென் மாவட்டத்து மருத்துவக் கல்லூரி ஒன்றின் நெறிமுறைக் குழுவில் நான் உறுப்பினர். 2019-இன் மருத்துவச் சோதனை விதிகளின்படி அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர் வேண்டும். பாதிப்பேர் அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும், தலைவரும் வெளியாள்தான். சட்டம் தெரிந்தவர் ஒருவர், பெண் ஒருவர், துறை சாராத சாதாரண மனிதர் ஒருவர் கட்டாயம். அந்தச் சாதாரண மனிதர் நான். சோதனையில் சேரும் நோயாளிக்குக் கொடுக்கும் சம்மதப் படிவத்தைத் தமிழில் வாசித்து, வயலில் வேலை செய்துவிட்டு வருகிற ஓர் அம்மாவுக்கு இது விளங்குமா என்று பார்ப்பது என் வேலை.

அங்கே கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைரேகை வைத்தால், சோதனையோடு சம்பந்தமில்லாத நடுநிலைச் சாட்சி ஒருவர் பக்கத்தில் இருந்து முழுப் படிவத்தையும் வாசிக்கக் கேட்டிருக்க வேண்டும் என்பது விதி. கோப்புகளைப் புரட்டியபோது ஒரு ஆய்வில் எல்லாப் படிவத்திலும் ஒரே சாட்சியின் கையெழுத்து. விசாரித்தால், வார்டு வாசலில் நிற்கும் காவலாளி. காலையில் பணிக்கு வந்ததும் மொத்தமாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார். தாள் நிறைந்திருக்கிறது, சட்டத்துக்கு வேண்டிய கட்டம் நிரம்பியிருக்கிறது, நோயாளிக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆய்வைக் குழு நிறுத்தி வைத்தது. நோயாளிகள் ஒவ்வொருவரையும் மறுபடி உட்காரவைத்துச் சொல்லிக் கேட்டார்கள்.

இதில் கம்பெனி எது, பல்கலைக்கழகம் எது? இரண்டுக்கும் முகம் கிடையாது. காவலாளியிடம் தாள்கட்டை நீட்டிய கை ஒன்று உண்டு. மூரைத் தொலைபேசியில் கூப்பிட்டுத் திருத்தச் சொன்ன குரல் ஒன்று உண்டு. செடியைப் பற்றிக் கேட்டபோது வாக்குக் கொடுத்த வாய் உண்டு, பின்னாளில் அந்த வாக்கைக் காப்பாற்றச் சரிபாதி காணிகளுக்கு என்று எழுதிய பேனாவும் உண்டு. நிறுவனத்தின் பொறுப்பு என்று நாம் சொல்வது இப்படி யாரோ ஒருவருடைய மேஜையில்தான் நிறைவேறுகிறது, அல்லது கைவிடப்படுகிறது. அந்த மேஜையில் உங்களைப் போன்ற இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கிறீர்கள். "மேலே சொன்னாங்க" என்பது உங்களுக்குப் போதுமான பதிலாகத் தோன்றலாம். பாதிக்கப்பட்டவர் முன்னால் நின்று அதைச் சொல்லிப் பாருங்கள்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். இளம் உதவிப் பேராசிரியர். மருந்துக் கம்பெனி நடத்தும் சோதனைக்கு ஒருங்கிணைப்பாளர். கம்பெனி அனுப்பிய படிவத்தின் கடைசிப் பக்கத்தில், மீதமாகும் ரத்தம் எதிர்கால ஆராய்ச்சிக்குச் சேமிக்கப்படும் என்று பொடி எழுத்தில் ஒரு வரி. எந்த ஆராய்ச்சி, எத்தனை காலம், யார் கையில், விற்று லாபம் வந்தால் யாருக்கு என்று ஒன்றும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், கொடுத்தவரே அந்த மாதிரிக்கு உரியவர், நிறுவனம் அதைப் பாதுகாப்பவர் மட்டுமே என்கின்றன. கலிஃபோர்னிய நீதிமன்றம் மறுத்ததை நம் நாட்டு நெறிமுறை தாள் அளவிலாவது ஏற்றிருக்கிறது.

குழு கேள்வி கேட்பதற்கு முன்பே அந்தப் பெண் தானே ஒரு குறிப்பு எழுதிக் கோப்பில் சேர்த்திருந்தார்: இந்த வரியை நோயாளிகளுக்கு விளக்க என்னால் முடியவில்லை, எனக்கே விளங்கவில்லை, ஆகவே மாற்றித் தரவேண்டும். "ஸ்டாண்டர்டு ஃபார்மட், எல்லா ஊரிலும் இதுதான்" என்று கம்பெனியிலிருந்து பதில் வந்தது. துறைத் தலைவரும் முகம் சுளித்தார். வாயால் சொல்லியிருந்தால் அந்த ஆட்சேபம் அன்றோடு காற்றில் போயிருக்கும். எழுத்தில் இருந்ததால் அதற்குப் பதில் எழுதாமல் கோப்பு நகர முடியவில்லை. இரண்டு கூட்டங்கள் இழுத்த பிறகு படிவம் மாறியது. ரத்தத்தைப் பற்றிய பகுதி முதல் பக்கத்துக்கு வந்தது. சோதனைக்கு ஒரு கையெழுத்து, மீதி ரத்தத்தைச் சேமிக்கத் தனியாக இன்னொன்று. இரண்டாவதை மறுத்தாலும் சோதனையில் சேரலாம், வேறு ஆய்வுக்கு எடுப்பதானால் மறுபடி கேட்போம் என்று எழுதினார்கள். லாபத்தில் பங்கு வேண்டும் என்று நான் எவ்வளவோ வாதாடினேன், அது மட்டும் கிடைக்கவில்லை. கிடைக்காது என்பதையாவது படிவத்தில் தெளிவாக எழுதவைத்தோம்.

சேர்ந்தவர்களில் பலர் இரண்டாவது இடத்திலும் கையெழுத்துப் போட்டார்கள். சிலர் வேண்டாம் என்றார்கள், யாரும் காரணம் கேட்கவில்லை. அவர்களுடைய மீதி ரத்தம் சோதனை முடிந்ததும் அழிக்கப்பட்டது. அழித்ததற்கான சான்றைக் கம்பெனி அனுப்ப வேண்டும் என்றும் அந்தப் பெண்ணே குறிப்பில் எழுதியிருந்தார். சான்று வந்து கோப்பில் சேர்ந்திருக்கிறது.